ஏறி வருகிறவர்களுக்கு வழி

நிற்கக்கூடாது, நின்றால் கால் நடுங்கும், நடந்துகொண்டே இருந்தால் நடுங்குவது தெரியாது. கரிமலை ஏற்றம் முழுக்க மூச்சிரைத்து நாச்சிமுத்து சம்பாதித்தது இந்த ஒரு ஞானத்தைத்தான், இறக்கத்தில் அதுவும் செல்லாக்காசாகிவிட்டது, ஏனென்றால் இறங்கும்போது ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். வலது கால். வலது காலைத்தான் மலை முதலில் கேட்கிறது. தலையில் இருமுடி, தோளில் பை, இடுப்பில் கறுப்பு வேட்டி, காலில் ஒன்றுமில்லை. இருபது வருஷம் செருப்புக்குள் இருந்து பெடலை மட்டும் மிதித்த பாதத்துக்கு மூன்று நாளாக முள், சேறு, வேர், அட்டை என்று உலகத்தில் இத்தனை சாமான் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. பனி இறங்கி எதிரில் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள், தண்டபாணி பின்னால் தங்கிவிட்டான், ஒரு பெரியவருக்கு முட்டி பிசகிவிட்டது, துணி கட்டிவிட்டு வருவான். "நீங்க நிக்காதீங்க சாமி, மெல்ல எறங்குங்க, பொறவாலயே வாரனுங்க" என்றான். வண்டியில் அவன் கண்டக்டர், நாச்சிமுத்து டிரைவர். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஒரே பஸ்ஸில் பதினோரு வருஷம், அங்கே 'அண்ணா' என்பான். இங்கே அவன் பல தடவை மலைக்கு வந்த குருசாமி, நாச்சிமுத்து மீசை நரைத்த கன்னிச்சாமி. இருக்கட்டும், காலம் வந்தால் கண்டக்டரும் குருவாவான், ஆனால் இவன் குருவாகி மாலை போட்டுவிட்டதே இந்தக் காலுக்காகத்தானே, இந்த ஒரு காலுக்காகத்தானே இத்தனை மலை.

ஆடி மாதத்து மழையில் நடந்தது. ஆழியாருக்கு மேலே வண்டி ஏறிக்கொண்டிருந்தது, எதிரில் சரக்கு லாரி இறங்கிக்கொண்டிருந்தது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும், அது மலையின் சட்டம், போர்டு இல்லாத வளைவிலும் அதுதான் சட்டம், ஏனென்றால் ஏறுகிறவன் பாரத்தோடு மல்லுக்கட்டுகிறான், அவனை நிறுத்தினால் மறுபடி கிளம்புவது பெரும்பாடு. லாரிக்காரன் நிற்கவில்லை. நிற்க முடியவில்லையோ என்னவோ, அதெல்லாம் பிறகு பேசுகிற பேச்சு. நாச்சிமுத்து ரிவர்ஸ் எடுத்தான். பின்சக்கரம் ஓரக்கல்லில் ஏறி, கல் பெயர்ந்து, வண்டி பின்பக்கம் ஒரு சாண் இறங்கியது. ஒரு சாண்தான். பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றது. லாரி போயிற்று. சனங்கள் சத்தமில்லாமல் முன்வழியாக இறங்கினார்கள், ஒரு குழந்தை மட்டும் 'அம்மா பலூன்' என்றது, பலூன் எங்கேயோ சீட்டடியில் உருண்டிருக்கும். தண்டபாணி சக்கரத்துக்குக் கல் வைத்தான். எல்லாம் முடிந்தது. யாருக்கும் நகத்தில்கூட அடியில்லை. "அண்ணா, கால எடுங்கண்ணா" என்றான். எடுக்க வரவில்லை. எடு என்று சொன்னால் எடுக்கிற கால் அன்றைக்கு எடுக்கவில்லை. கடைசியில் தண்டபாணி ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்து, தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை உருவுகிற மாதிரி, இரண்டு கையாலும் அவன் காலைப் பெடலிலிருந்து எடுத்து வைத்தான். அதற்குப் பிறகு டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள், எலும்பு நன்றாக இருக்கிறதாம், நரம்பு நன்றாக இருக்கிறதாம். ஷெட்டில் நிற்கிற வண்டியில் சும்மா உட்கார்ந்து பார்த்தான், கால் போய் பிரேக்கில் உட்கார்ந்துகொண்டது, உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பொங்கல் முடிந்ததும் ஷெட்டில் பதில் சொல்ல வேண்டும். மலை வண்டி எடுக்கிறாயா, இல்லை டீசல் பங்கில் நின்று மற்றவர்கள் வண்டிக்கு டீசல் பிடிக்கிறாயா. "வண்டி இல்லாட்டி என்னங்க, ஆளு முழுசா இருக்கீங்கல்ல" என்றாள் மனைவி விசாலாட்சி. பாசத்தோடு சொன்னாள், அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது, வண்டி இல்லாமல் ஆள் எப்படி முழுசாக இருக்கும் என்று அவளிடம் கேட்கவும் முடியவில்லை.

பாறை, பார்த்து, வழுக்கும். வலது காலை வைத்தான், வைத்த கால் நின்றது, இடது கால் வரும்வரை நின்றது, எழ வேண்டிய நேரத்தில் ஒரு கணம் யோசித்தது. யோசிக்கிறது பார், சனியன், இதுகிட்ட யார் யோசனை கேட்டார்கள். அந்த மலையணில் யோசித்ததா? முதல் நாள் மத்தியானம், எருமேலி தாண்டிக் காடு கறுக்கத் தொடங்கிய இடத்தில், தலைக்கு மேல் அத்தனை உயரத்தில், செம்பட்டையும் கறுப்புமாக ஒன்று கிளையில் ஓடிவந்தது. உடம்பைவிட வால் பெரிசு, வாலே தனியாக ஒரு பிராணியாகக் கூடவே ஓடிவந்த மாதிரி இருந்தது. கிளை முடிந்துவிட்டது. அடுத்த மரம் எட்டாத தூரம், கீழே பள்ளம். நாச்சிமுத்துவின் வலது கால் தரையில் அழுந்திவிட்டது, நில்லு நில்லு என்று. அது நிற்கவே இல்லை, கிளையின் கடைசி இலை வரைக்கும் ஓடி, இலையையும் தாண்டிக் காற்றில் ஓடி, அந்தப் பக்கம் போய் ஒட்டிக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி எதையோ கொறிக்க ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு வாய் பிளந்துவிட்டது. "என்ன சாமி, அணிலுக்கு பிரேக் புடிச்சீங்களா" என்று தண்டபாணி சிரித்தான், கண்டக்டர் புத்தி, டிரைவர் கால் என்ன செய்கிறது என்று பார்க்காமல் இருக்க மாட்டான். ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நாச்சிமுத்துவால் அந்தக் காற்றை மறக்க முடியவில்லை. கிளைக்கும் கிளைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத அந்தக் கொஞ்ச இடம், அதை அது மிதித்துக்கொண்டு போனதே. பிறகு பெரிய மூக்கு இருவாச்சி இரண்டு தலைக்கு மேல் போயின, பறவை வருவதற்கு முன்னால் சத்தம் வந்தது, ஷெட்டில் டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். எல்லோரும் சரணம் சொல்வதை நிறுத்திவிட்டு அண்ணாந்தார்கள், அண்ணாந்ததில் ஒரு சாமியின் இருமுடி சரிந்து, நல்லவேளை, பின்னால் வந்தவர் பிடித்துக்கொண்டார். இத்தனையும் இந்த மலையில் தினமும் நடக்கிறது. யாரும் பார்க்காவிட்டாலும் நடக்கிறது.

ஐயப்பனிடம் என்ன கேட்பது என்பதுதான் இன்னும் வாயில் வரவில்லை. நாளைக்குள் சந்நிதி வந்துவிடும், அங்கே நிற்க விடுவது ஒரு நொடி, அதற்குள் சொல்லி முடிக்கிற மாதிரி ஒரே வாக்கியம் வேண்டும். பயத்தை எடுத்துவிடு சாமி. சரி, அதுதானே? ஆனால் அதைச் சொல்லிப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு சாண் இறக்கம் காலுக்கடியில் மறுபடி இறங்குகிறது, பயம் இல்லாதவன் அந்த லாரிக்காரன் அல்லவா, அவனைப் போல ஆக்கிவிடு என்றா கேட்கிறேன்? அப்போ வேறு என்ன கேட்பது, காலைக் கொடு என்றா? கால் இருக்கிறது, இதோ இருக்கிறது, அட்டை கடித்து ரத்தம் வழிய இருக்கிறது. சுற்றிச் சுற்றி அதே இடம். ஷெட்டில் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள், ஆனைக்கும் அடி சறுக்கும் நாச்சிமுத்து, விடு, என்று. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன ஆறுதல். நேற்று அந்த ஆனையையே பார்த்தாயிற்று. பள்ளத்துக்கு அந்தப்புறம் எதிர்ச்சரிவில், ஒரு பெண் ஆனை ஓடைக்கு இறங்க வேண்டும், சரிவோ சுவர் மாதிரி, மழை ஊறிய செம்மண். விழப்போகிறது என்றுதான் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். அது அவசரப்படவில்லை. துதிக்கையால் மண்ணைத் தட்டிப் பார்த்தது, இந்தப் பக்கம் தட்டியது, அந்தப் பக்கம் தட்டியது, பிறகு பின்னங்கால் இரண்டையும் மடக்கி உட்கார்ந்து, முன்கால்களை நீட்டி ஊன்றி, அவ்வளவு பெரிய உடம்பையும் மெல்ல மெல்லச் சறுக்கவிட்டு இறங்கியது, முதல் கியரில் பாரவண்டி இறங்குகிற மாதிரி. கீழே வந்து எழுந்து நின்று காதை ஒரு தரம் விசிறியது. நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது, ஏன் என்று தெரியவில்லை. அது சறுக்கி விழவில்லை, சறுக்குவதையே நடையாக்கிக்கொண்டது, பழமொழி சொன்ன ஒருத்தனும் ஆனை இறங்கிப் பார்த்தவன் இல்லை. பக்கத்தில் தண்டபாணி கையெடுத்துக் கும்பிட்டு, "எறங்கியாச்சுங்களா சாமி" என்று ஆனையிடமே கேட்டான். மாலை போட்டுவிட்டால் எதிரில் வருகிற எதுவும் சாமிதான், டீக்கடை நாயை விரட்டுவதென்றாலும் 'போ சாமி', காக்கையும் சாமி, சண்டை போட்டாலும் 'என்ன சாமி முறைக்கிறே' என்றுதான் போட வேண்டும். இத்தனை நாளில் நாக்கு பழகிவிட்டது, மனசு யோசிப்பதற்குள் நாக்கு சொல்லிவிடுகிறது.

அதனால்தான், பனிக்குள் கீழே கறுப்பாக ஒருவர் ஏறி வருவது தெரிந்ததும் நாச்சிமுத்து ஒன்றும் யோசிக்கவில்லை. கறுப்பு வேட்டி, முதுகில் உயரமாகச் சுமை. பம்பையிலிருந்து மேலே கடைகளுக்குச் சரக்கு சுமந்து ஏறுகிறவர்கள் காலையில் இப்படி வருவதுண்டு. பாதை ஒடுக்கம், ஒரு பக்கம் மண்திட்டு, ஒரு பக்கம் பள்ளம். திட்டில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு மண் சரிந்து குழிந்த இடம் இருந்தது. ஏறி வருகிறவருக்கு இறங்குகிறவன் வழிவிட வேண்டும், அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, உடம்பு தானாக இடதுபுறம் ஒதுங்கிக் குழிக்குள் ஒட்டிக்கொண்டது. "வாங்க சாமி, மெதுவா ஏறுங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்றான். இவன் தலையில் இருமுடி, நெற்றிக்கு மேல் துண்டு தொங்குகிறது, அண்ணாந்து பார்க்க வழியில்லை, தரையைத்தான் பார்க்க முடியும். முதலில் மூச்சு கேட்டது, பாவம், பலத்த மூச்சு. பிறகு கால்கள் வந்தன. முழங்கால் வரை வெள்ளை சாக்ஸ், பாதம் சேற்றுக்குள். சில சாமிகள் கல் குத்துகிறதென்று சாக்ஸ் போடுவார்கள், தண்டபாணிக்குப் பிடிக்காது. இரண்டு கால் போயிற்று. பின்னாலேயே ஒட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வெள்ளை சாக்ஸ். இவ்வளவு நெருக்கமாகவா நடப்பார்கள், விழுந்தால் இருவரும் அல்லவா விழ வேண்டும், என்று நினைத்தான். அதற்கும் பின்னால் ஒரு வால் போயிற்று. சாமி சரணம் என்று நாக்கு அதற்கும் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் மண்டைக்குள் ஏறியது. வால். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், மாலை போட்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் சாமி.

காட்டுமாடு. வால்பாறை ரோட்டில் எத்தனை முறை பார்த்திருக்கிறான், தேயிலைக்குள் நிற்கும், சனங்கள் சன்னலுக்குத் தாவுவார்கள், அவன் ஹாரன் அடிக்காமல் மெல்லக் கடப்பான். ஆனால் அப்போதெல்லாம் அவன் பார்த்தது சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக, குனிந்து. இது அண்ணாந்து பார்ப்பது. அண்ணாந்தும் முழுசாகப் பார்க்க முடியாதது. இருமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கண்ணை மட்டும் மேலே உருட்டினான். அடுத்தது வந்துகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று, பனி ஒவ்வொன்றாக ஈன்று அனுப்புகிற மாதிரி. கறுத்த தோளில் பனித்துளி முத்து முத்தாக நின்றது, தோலுக்கு அடியில் சதை உருண்டு உருண்டு மலையை ஏற்றிக்கொண்டு போயிற்று. கையை நீட்டினால் தொடலாம். கைதான் இல்லை, கை எங்கேயோ போய்விட்டது, காலும் போய்விட்டது, இருப்பது இரண்டு கண்ணும் ஒரு மணமும். புல்லும் பாலும் ஈரமண்ணும் சேர்ந்த, வெதுவெதுப்பான மணம். இத்தனை பெரிய உயிருக்கு இவ்வளவு சின்னச் சத்தம். ஒரு கல்லைக்கூட அது பள்ளத்தில் உருட்டவில்லை. ஒவ்வொன்றும் அவனுக்கு நேரே வந்ததும் ஒரு கணம் கண்ணைத் திருப்பிப் பார்த்தது, நன்றி என்றோ யார் நீ என்றோ இல்லை, இருக்கிறாயா, சரி, இரு என்கிற பார்வை. ஆனந்தம் என்று சொல்வார்களே, அது பயத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது போல. அவை கொஞ்சம் மேலே போய்ப் பாதையைவிட்டு மூங்கிலுக்குள் திரும்பின, கிளை முறிகிற ஓசை கேட்டது, அடங்கியது. உள்ளே ஏதோ கழுவிவிட்ட மாதிரி இருந்தது. முடிந்தது என்று நினைத்துக் குழியைவிட்டு வெளியே வந்து கீழே நடந்தான்.

அதுதான் தப்பு. பாதை இன்னும் ஒடுங்கி, திட்டும் பள்ளமும் நெருங்குகிற இடத்தில், எதிரில் செங்காவி நிறத்தில் ஒரு கன்று நின்றது. பிந்திவிட்ட கன்று. அதற்குப் பின்னால் அதன் தாய். கன்று இதுவரை இருமுடி பார்த்ததில்லை போலிருக்கிறது, கழுத்தை நீட்டி மூக்கை விரித்தது, கிட்டே வந்து அவன் வேட்டியை முகர்ந்தது. தாய் தலையைத் தாழ்த்தியது. புஸ் என்று ஒரு மூச்சு, அது அவன் வயிற்றில் வந்து பட்டது. ஒதுங்க இடமில்லை. குழி பின்னால் இருக்கிறது, மேலே, பார்க்க முடியாத இடத்தில். பின்னால் போக வேண்டும். ரிவர்ஸ். அந்த வார்த்தை வந்ததுமே வலது கால் சேற்றில் அழுந்தி உட்கார்ந்துகொண்டது, அதே உட்கார்வு, அதே சனியன் பிடித்த உட்கார்வு, விரல்கள் மண்ணைக் கவ்விவிட்டன. எடு. எடுக்கவில்லை. எடு நாச்சிமுத்து. ஒரு சாண், ஓரக்கல், பெயர்கிறது, குழந்தை பலூன் என்கிறது, விசாலாட்சி ஆளு முழுசா இருக்கீங்கல்ல என்கிறாள், இல்லை விசாலாட்சி, முழுசா இல்லை. இங்கே குனிந்து காலைத் தூக்கிவைக்கத் தண்டபாணி இல்லை. தாயைப் பார்த்தான். வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. கொம்பின் நுனி மஞ்சளாக, ஈரமாக இருந்தது. நெற்றி சாம்பல் நிறம். கண்ணில் அவன் கறுப்பாக, சின்னதாக நின்றான். அது முட்டிவிட்டுப் போயிருக்கலாம், ஒரு தலையசைப்பு போதும், பள்ளத்தில் கிடந்திருப்பான். அது நின்றது. பாரத்தோடு, மூச்சோடு, சரிவில் காலூன்றி, அவன் நகர்வதற்காக நின்றது. அதன் முன்னங்காலைப் பார்த்தான். வெள்ளை முழங்காலுக்கு மேல் தோல் படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நடுங்குகிறது. அம்மா தாயே, நீயுமா? இவ்வளவு பெரிய நீயுமா? பிள்ளையை முன்னால் விட்டுவிட்டு நடுங்கிக்கொண்டேதான் நிற்கிறாயா? அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நடுங்குகிற காலோடுதான் அது இத்தனை மலையும் ஏறி வந்திருக்கிறது, நடுக்கம் நின்ற பிறகு ஏறலாம் என்று கீழே உட்கார்ந்திருக்கவில்லை. "இருங்க சாமி" என்றான், குரல் காற்றாகத்தான் வந்தது, "பின்னால எடுக்கறேன்." குதிகால் முதலில் விட்டது. பிறகு விரல், ஒவ்வொரு விரலாக. கால் சேற்றிலிருந்து சப் என்று வந்தது. பின்னால் காற்றில் துழாவியது, வேர் ஒன்று தட்டுப்பட்டது, அதில் பாரத்தை வைத்தான், தாங்கியது. அடுத்த அடி. கண்ணாடி இல்லை, பின்னால் பார்த்துச் சொல்ல ஆளில்லை, பாதம் பார்த்தது. கன்று ஓர் அடி வந்தது, தாய் ஓர் அடி வந்தது. அப்படியே மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மலையேறினார்கள், ஒருவன் மட்டும் பின்பக்கமாக. முதுகில் குழியின் ஈரமண் பட்டது. உள்ளே ஒடுங்கினான். கன்று துள்ளிக்கொண்டு போயிற்று. தாய் போகும்போது அதன் விலா அவன் மார்பில் உரசியது, ஒரு முழு மூச்சு நேரம், கதகதப்பாக, சொரசொரப்பாக.

மூங்கில் அசைந்து நின்றதும் மேலிருந்து தண்டபாணி சறுக்கியும் விழுந்துமாக ஓடிவந்தான். முகத்தில் ரத்தமில்லை.

"பனி கொஞ்சம் வெலகுச்சுங்க, மேல வளைவுல நின்னு பாத்துட்டேதான் இருந்தனுங்க. கத்துனா மெரண்டுருமின்னு வாயப் பொத்திக்கிட்டேன். ஈரக்கொல நடுங்கிப் போச்சுங்க சாமி."

"ரிவர்ஸ் எடுத்தேன் தண்டபாணி." மாலை போட்டிருப்பதும் எதிரில் நிற்பது குருசாமி என்பதும் மறந்துவிட்டது.

"எடுத்தீங்கண்ணா" என்றான் அவனும். "பாத்தேன். சுத்தமா எடுத்தீங்க."

நாச்சிமுத்து அழுதான். வெட்கப்படவில்லை, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, இருமுடி சரியாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நன்றாகவே அழுதான். தண்டபாணியும் ஒரு கை கொடுத்து இருமுடியைத் தாங்கிக்கொண்டான். பிறகு மெல்லக் கேட்டான்: "பயம் போயிருச்சுங்களாண்ணா?"

"எங்கீடா போகுது? இந்தா பாரு." காலைத் தூக்கிக் காட்டினான். முட்டிக்குக் கீழே கட்டுக்கடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது. "அது கெடந்துட்டுப் போகுது. அந்த அம்மாளுக்கே நடுங்குச்சு, எனக்கென்ன வந்துச்சு. பொங்கல் முடிஞ்சு மலை வண்டியே குடுக்கச் சொல்லி நானே போயிக் கேக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லிப்போட்டேன், ஏறி வர்றது லாரியோ மாடோ, நான் நின்னு வழிவிட்டுத்தான் எறங்குவேன். டைம் ஆகுதுன்னு பின்னாலிருந்து நீ கத்துனீன்னா, அங்கியே எறக்கி விட்டுட்டுப் போயிருவேன்."

"கத்த மாட்டனுங்க" என்றான் தண்டபாணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மொதல்ல பம்பைக்கு எறங்கிச் சேருவம் வாங்க."

நாச்சிமுத்து வலது காலை முன்னால் வைத்தான். நடுங்கிக்கொண்டேதான் போய் மண்ணில் உட்கார்ந்தது. இடது கால் வரும்வரை நின்றது, பிறகு எழுந்தது.